ஏழு ஆண்டுகள் தழும்பாக இருந்த கட்டி

இந்த நிகழ்வை நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். நோயின் போக்கு, பரிசோதனை முடிவுகள், சிகிச்சையில் எடுத்த முடிவுகள் மட்டும் நடந்தபடியே இருக்கின்றன.

வந்தவருக்கு வயது 31. கையில் ஐந்து மாதக் குழந்தை. குழந்தையை முன்னிட்டுத்தான் வந்திருந்தார். பால் கொடுத்துவிட்டு ஏப்பம் விடுவதற்காகத் தோளில் போடும்போது குழந்தையின் கன்னம் வலது காறை எலும்புக்குக் கீழே இருக்கும் மேட்டில் அழுந்துகிறது, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. "இந்தத் தழும்பைக் கொஞ்சம் தட்டையாக்கித் தர முடியுமா டாக்டர்?" என்று கேட்டார். கட்டி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. ஏழு வருடமாக எல்லோரும் தழும்பு என்று சொன்னதால் அவருக்கும் அது தழும்புதான்.

பார்த்ததும் எனக்கும் முதலில் கீலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) நினைவுதான் வந்தது. மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு மார்பின் மேற்பகுதியும் தோளும் கீலாய்டுக்குப் பேர்போன இடங்கள். இந்த இடத்தில் உறுதியான, பளபளப்பான மேடு என்றால் பத்தில் ஒன்பது முறை அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் தழும்பு என்றால் அதற்கு முன்னால் ஒரு காயம் இருந்திருக்க வேண்டும். பருவோ, அம்மைக் கொப்புளமோ, கீறலோ, ஊசி போட்ட இடமோ, ஏதோ ஒன்று. "இது வருவதற்கு முன்னால் அங்கே என்ன ஆச்சு?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலையே" என்றார்.

இந்தப் பதில் ஏழு வருடத்துக்கு முன்பும் இதேதான். கேட்க ஆள் இல்லை.

முந்தைய வரலாறு

24 வயதில் விரல் நுனி அளவுக்கு ஒரு தடிப்பு. தோலைவிடச் சற்றே கருத்த, லேசாகச் சிவந்த நிறம். வலி இல்லை, அரிப்பு இல்லை. கீலாய்டு பெரும்பாலும் அரிக்கும், சுருக்கென்று குத்தும். இது எதுவும் செய்யாமல் சும்மா இருந்தது. இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டிருக்கிறார். 26 வயதில் ஒரு மருத்துவமனையில் கீலாய்டு என்று சொல்லி, எட்டு மாதத்தில் ஐந்து முறை ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். கீலாய்டாக இருந்தால் இரண்டு மூன்று ஊசிக்குள் கொஞ்சமாவது இளகும், தட்டையாகும். இவருக்குக் கட்டியைச் சுற்றியிருந்த நல்ல தோல்தான் மெலிந்து வெளுத்தது. கட்டி துளியும் அசையவில்லை.

27 வயதில் வேறொரு இடத்தில், மரத்துப்போகும் ஊசி போட்டு, தழும்பை வெட்டித் தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் கேட்ட அடுத்த கேள்வி, "வெட்டினதை டெஸ்டுக்கு அனுப்பினாங்களா?" அவருக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். நோயியல் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறகு கடிதம் எழுதிக் கேட்டும் பார்த்தோம். அனுப்பவில்லை என்பது உறுதியானது. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் புட்டியில் போய்ச் சேர வேண்டியது குப்பையில் போய்விட்டது.

இதை நான் யாரையும் குறை சொல்லும் ஆசையில் எழுதவில்லை. கீலாய்டு என்று முதலில் நினைத்தது நியாயமான தவறு. வெட்டிய திசுவைச் சோதிக்காமல் விட்டதை மட்டும் என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று அந்தத் துண்டு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே போயிருந்தால் இந்தப் பெண்ணுக்கு நான்கு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

தையல் போட்ட ஒன்றேகால் ஆண்டில், தழும்புக் கோட்டின் வெளி முனையில் புதிதாக ஒரு குமிழ் எழும்பியது. "கீலாய்டை வெட்டினால் திரும்ப வரத்தான் செய்யும்" என்றார்கள். அதுவும் உண்மைதான், கீலாய்டு அப்படித் திரும்பி வரக்கூடியதுதான். அதனால் இந்த முறையும் யாரும் பதறவில்லை. அப்புறம் கர்ப்பம். கர்ப்பகாலத்தின் கடைசி நான்கு மாதங்களில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்று இவர் சொன்னார். கைப்பேசியில் இருந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அது மிகையில்லை என்று தெரிந்தது.

விரலால் பார்த்தது

அளவு 4.2 க்கு 3.1 செ.மீ. தட்டையான, கெட்டியான ஒரு பலகை போன்ற அடித்தளம், அதன்மேல் மூன்று குமிழ்கள். ஒரு குமிழ் ஊதா கலந்த சிவப்பு, மற்ற இரண்டும் தோல் நிறம். குமிழ்களின் மேல் தோல் இழுபட்டு மெல்லியதாகி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் தெரிந்தன.

கண்ணைவிட விரல் அதிகம் சொன்னது. இரண்டு பக்கமும் பிடித்து லேசாகக் கிள்ளினால் டெர்மட்டோஃபைப்ரோமா என்ற சாதாரணக் கட்டி நடுவில் குழி விழுந்து உள்ளே இறங்கும். இது இறங்கவில்லை, மேலே புடைத்தது. தோலோடு ஒட்டியிருந்தது, ஆனால் அடியிலிருந்த மார்புத் தசையின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது. கையை இடுப்பில் ஊன்றித் தசையை இறுக்கச் சொன்னேன். அப்போதும் நகர்ந்தது. தசைக்குள் இறங்கவில்லை என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி, உறுதியான சான்று என்று சொல்ல முடியாது. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஓரத்தைத் தேடினேன். கண்ணுக்குத் தெரிந்த ஓரத்தைத் தாண்டி, தோள் பக்கமாக ஒரு செ.மீ.க்கு மேல், தோலுக்கு அடியில் ஏதோ கெட்டியாக ஓடியது. பேனாவால் இரண்டு கோடு போட்டேன். ஒன்று கண் காட்டிய ஓரம், இன்னொன்று விரல் காட்டியது. இரண்டாவது கோடும் பொய் என்று பின்னால் தெரியவந்தது.

அக்குளிலும் கழுத்திலும் நெறிகட்டவில்லை. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் இளஞ்சிவப்புப் பின்னணி, மெல்லிய பழுப்பு வலை, கிளைவிட்ட ரத்தக் குழாய்கள், அங்கங்கே வெள்ளைக் கீற்றுகள். இவற்றில் எதுவுமே ஒரு நோய்க்கு மட்டும் உரியது இல்லை. சேர்த்துப் பார்க்கும்போது சந்தேகம் கூடியது, அவ்வளவே.

சந்தேகத்தின் பெயர் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரொட்யூபரன்ஸ். சுருக்கமாக டி.எஃப்.எஸ்.பி. என்பார்கள். தோலின் நடு அடுக்கிலிருந்து கிளம்பும் ஒரு மென்திசுப் புற்று. அமெரிக்கப் பதிவேடுகளின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் நான்கு பேருக்கு வருகிறது. 20 முதல் 50 வயதுக்குள் வருவதுதான் அதிகம், அதுவும் உடம்பின் நடுப்பகுதியில். 1924இல் டாரியே, ஃபெராண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இதைத் தெளிவாக விவரித்தார்கள். அடுத்த ஆண்டு இந்த நீண்ட பெயரை வைத்தவர் எரிக் ஹாஃப்மன். ஷௌடினோடு சேர்ந்து 1905இல் சிஃபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்த அதே ஹாஃப்மன்தான். பெயரில் உள்ள 'புரொட்யூபரன்ஸ்' புடைத்து நிற்பதைக் குறிக்கிறது. ஆனால் நோய் தொடங்கும்போது புடைப்பே இருக்காது, பல ஆண்டுகள் வெறும் தட்டைத் தடிப்பாகக் கிடக்கும். பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் தொடக்க நிலையில் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் பயாப்ஸி தவறியது எப்படி

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் நேரம் குறைவு, குழந்தை அழுதுகொண்டிருந்தது. 3 மி.மீ. பஞ்ச் (வட்டமான சிறு வெட்டுக் கருவி) ஒன்றைக் குமிழின் ஓரத்தில் வைத்து எடுத்து அனுப்பினேன். 'டெர்மட்டோஃபைப்ரோமாவாக இருக்கலாம்' என்று அறிக்கை வந்தது. அறிக்கையின் கடைசி வரியை எங்கள் நோயியல் நிபுணர் யோசித்துத்தான் எழுதியிருந்தார்: 'மாதிரியில் கொழுப்பு அடுக்கு இல்லை.'

அந்த வரியைப் படித்ததும் தொலைபேசியில் அழைத்தேன். "எனக்குக் கொழுப்பு வேணும். அது இல்லாம நான் என்ன சொல்றது?" என்றார். நியாயம். இந்தக் கட்டியின் மேல்பகுதி சாதாரணக் கட்டி போலவே காட்சி தரும். வேறுபாடு தெரிவது அடியில்தான். சாதாரண டெர்மட்டோஃபைப்ரோமா பெரும்பாலும் கொழுப்பின் மேல்விளிம்பில் நின்றுவிடும், மிஞ்சினால் லேசாக எட்டிப்பார்க்கும். டி.எஃப்.எஸ்.பி. கொழுப்பு அணுக்களுக்கு இடையே நூல் நூலாக நுழைந்து, ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்து, தேனடை போன்ற தோற்றத்தை உண்டாக்கும். மேலோட்டமாகச் சீவி எடுத்தால் அந்தத் தேனடை கையில் வராது.

அடுத்த வாரம், மரத்துப்போகும் ஊசி போட்டு, கத்தியால் ஆப்பு வடிவில் கொழுப்பு வரை இறங்கி ஒரு துண்டு எடுத்தேன். தையலை, பின்னால் எப்படியும் வெட்டி எடுக்கப்போகும் பகுதிக்குள்ளேயே அமைத்தேன். பயாப்ஸித் தழும்பு தவறான திசையில் ஓடினால் பெரிய அறுவை சிகிச்சையின் அளவும் தேவையில்லாமல் கூடிவிடும்.

இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லை. கதிர் போல மெலிந்து நீண்ட அணுக்கள், ஒரு மையத்திலிருந்து சுழன்று பாய் முடைந்தது போல அடுக்கடுக்காக ஓடின. கொழுப்பில் தேனடை தெளிவாக இருந்தது. சி.டி.34 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் கட்டி முழுக்கப் பழுப்பாக ஏறியது. வேறு வகைக் கட்டிகளைக் காட்டும் காரணி 13 ஏ, எஸ் 100 சாயங்கள் இரண்டும் ஏறவில்லை. அணுக்கள் பிளந்து பெருகுவது குறைவு. ஃபைப்ரோசார்கோமா என்ற இன்னும் மூர்க்கமான புற்றாக மாறிய பகுதி இருக்கிறதா என்று தனியாகத் தேடச் சொல்லியிருந்தேன். அப்படி மாறிய இடத்தில் அணுக்கள் மீன்முள் போல வரிசை மாறி, பிளவுகள் கூடி, சி.டி.34 சாயமும் மங்கும். அந்த மாற்றம் இருந்தால் நோயின் குணமே வேறாகிவிடும், நுரையீரலுக்குப் போகும் அபாயம் ஏறும். அப்படி எதுவும் இல்லை.

திசுத்தோற்றமே போதும் என்றாலும், ஒருமுறை திரும்பி வந்த கட்டி என்பதால், மரபணுக்கள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையும் செய்தோம். எதிர்பார்த்த மரபணு இணைவு இருந்தது. அந்த இணைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்த நோயின் மொத்தக் கதையும் அதற்குள் இருக்கிறது.

தனக்குத் தானே தீனி

நம் தோலில் கொலாஜன் தயாரிக்கும் அணுக்கள் ஓய்வதில்லை. அதனால் 17ஆம் குரோமோசோமில் இருக்கும் கொலாஜன் மரபணுவின் சுவிட்ச் அந்த அணுக்களில் எப்போதும் போட்டபடியே இருக்கும். 22ஆம் குரோமோசோமில் வேறொரு மரபணு இருக்கிறது. அது பிளேட்லெட் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்துக்கானது. காயம் ஆறும்போது 'வளருங்கள், பெருகுங்கள்' என்று சுற்றியுள்ள அணுக்களுக்குச் சொல்லும் சமிக்ஞை அது. வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டும். டி.எஃப்.எஸ்.பி.யில் இந்த இரண்டு குரோமோசோம்களும் உடைந்து ஒட்டிக்கொள்கின்றன. வளர்ச்சி மரபணு, அணையாத கொலாஜன் சுவிட்சின் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறது. அணு ஓயாமல் வளர்ச்சிச் சமிக்ஞையைச் சுரக்கிறது, அதைத் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியிலேயே வாங்கிக்கொண்டு தானே வளர்கிறது. 90 சதவீதத்துக்கும் அதிகமான கட்டிகளில் இந்த இணைவு காணப்படுகிறது. 1997இல்தான் எந்தெந்த மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று தெரிந்தது.

அதைத் தெரிந்துகொண்டதால் ஒரு மருந்தும் கிடைத்தது. ரத்தப் புற்றுக்காக வந்த இமாட்டினிப் மாத்திரை, அந்த ஏற்பியையும் அடைக்கக்கூடியது. 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வெட்டி எடுக்க முடியாத, திரும்பி வந்த அல்லது பரவிய டி.எஃப்.எஸ்.பி.க்கு இதை ஏற்றுக்கொண்டது. கொடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்குகிறது. இணைவு இல்லாத கட்டியில் இதை நம்பிப் பயன் இல்லை. அதனால்தான் ஃபிஷ் முடிவைக் கையில் வைத்திருப்பது நல்லது.

தீர்மானம்

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி தோலடிக் கொழுப்பு முழுவதையும் பிடித்திருந்தது. தசையை மூடியிருக்கும் உறையைத் தொட்டது, தாண்டவில்லை. திரும்பி வந்த கட்டி என்பதால் நெஞ்சு சி.டி.யும் பார்த்தோம், நுரையீரல் சுத்தம். நிணநீர் முடிச்சு பயாப்ஸி செய்யவில்லை. இந்த நோய் பரவுவதே 5 சதவீதத்துக்கும் குறைவு, பரவினாலும் ரத்தம் வழியாக நுரையீரலுக்குத்தான் பெரும்பாலும் போகும்.

அந்த மாலை அவரையும் அவருடைய கணவரையும் உட்காரவைத்துப் பேசினேன். புற்றுநோய் என்ற சொல்லை நான் சுற்றி வளைக்கவில்லை. சொன்ன கையோடு, இது உயிரைப் பறிப்பது மிக அரிது, பத்தாண்டு உயிர்வாழ்வு 99 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "பால் கொடுத்ததால குழந்தைக்கு ஏதாவது போயிருக்குமா?" என்பதுதான். போகாது என்றேன். இந்த மரபணு இணைவு அந்தக் கட்டியின் அணுக்களில் மட்டும் ஏற்பட்டது; பாலில் போவதும் இல்லை, பரம்பரையாக வருவதும் இல்லை. அதன் பிறகுதான் அவர் மற்றதைக் கேட்கவே தயாரானார்.

பல்துறைக் கூட்டத்தில் முதலில் வந்த யோசனை, இமாட்டினிப் கொடுத்துச் சுருக்கிவிட்டு வெட்டலாம் என்பது. எனக்கு உடன்பாடு இல்லை. வெட்டக்கூடிய இடத்தில், வெட்டக்கூடிய அளவில் இருக்கும் கட்டிக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதால் என்ன லாபம்? இமாட்டினிப் தாய்ப்பாலில் கலக்கும், பாலை நிறுத்தியாக வேண்டும். சுருங்கினாலும் ஓரம் சமமாகச் சுருங்கும் என்று உத்தரவாதம் கிடையாது. நடுவில் திட்டுத்திட்டாக அணுக்கள் பிழைத்திருந்தால் ஓரத்தைப் படிப்பதே குழப்பமாகிவிடும். முகத்திலோ தலையிலோ, வெட்டினால் ஓர் உறுப்பே போகும் என்ற நிலையிலோ அந்த வழியைத் தேடியிருப்பேன். கூட்டமும் கடைசியில் அறுவை சிகிச்சைதான் என்று ஒத்துக்கொண்டது. எந்த வகை அறுவை என்பதில்தான் நீண்ட பேச்சு.

பழைய வழி, தெரியும் ஓரத்திலிருந்து 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து, அடியில் தசையுறை வரை வெட்டி எடுப்பது. பல இடங்களில் இன்றும் அதுதான் நடைமுறை, முறையாகச் செய்தால் நல்ல பலனும் உண்டு. சிக்கல் என்னவென்றால் இந்தக் கட்டி வட்டமாக வளர்வதில்லை. ஒரு பக்கம் வேர் போல நீண்டு ஓடும், இன்னொரு பக்கம் சட்டென்று நின்றுவிடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெட்டினால் ஒரு பக்கம் நல்ல தோல் வீணாகும், மறுபக்கம் வேர் மிஞ்சும். போதாததற்கு, வழக்கமான பரிசோதனையில் திசுவை ரொட்டி போலத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டின் முகத்தை மட்டும் பார்ப்பார்கள். இரண்டு துண்டுக்கு நடுவில் ஓடும் வேர் கண்ணில் படாது.

இன்னொரு வழி, ஃபிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930களில் தொடங்கிவைத்த முறையின் வழி வந்தது. கட்டியை எடுத்த பிறகு அதன் பக்க ஓரம் முழுவதையும், அடிப்பரப்பு முழுவதையும், மாம்பழத் தோலைச் சீவி விரித்துவைப்பது போலத் தட்டையாக்கிப் பார்ப்பது. இடைவெளியே இல்லை. எங்கே அணு மிச்சம் இருக்கிறதோ அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பது. வெளியான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த முறையில் கட்டி திரும்புவது சுமார் 1 சதவீதம், பழைய அகல வெட்டில் சுமார் 6 சதவீதம். ஒருமுறை திரும்பி வந்துவிட்ட கட்டிக்கு எனக்கு வேறு யோசனை எழவில்லை. உறையவைத்து உடனே பார்க்கும் முறையைத் தவிர்த்து, பாரஃபின் மெழுகில் பதித்து நிதானமாகப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். கொழுப்பு சரியாக உறையாது, மெலிந்த அணுக்களைப் பழைய தழும்பின் அணுக்களிலிருந்து பிரித்தறிய நல்ல வெட்டும் சி.டி.34 சாயமும் வேண்டும். அதற்கு விலை, காயத்தைச் சில நாட்கள் மூடாமல் கட்டுப்போட்டு வைத்திருப்பது. அவரிடம் சொன்னோம். "திறந்தே இருக்கட்டும் டாக்டர், திரும்ப வராம இருந்தா சரி" என்றார்.

அறுவை

முழு மயக்கத்தில் செய்தோம். மயக்கம் நன்றாகத் தெளிந்து குழந்தையைப் பிடிக்கத் தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம் என்று மயக்க மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தது அவருக்குப் பெரிய ஆறுதல்.

விரல் காட்டிய கோட்டிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி, பழைய தழும்பு, ஊசி போட்டு வெளுத்த தோல், என் இரண்டு பயாப்ஸித் தையல்கள் எல்லாம் உள்ளே வரும்படி வெட்டு. அடியில் மார்புத் தசையின் உறையையும் சேர்த்து எடுத்தோம். தசை பளபளவென்று சிவப்பாக, சுத்தமாகத் தெரிந்தது. எடுத்த திசுவின் தலைப் பக்கம் ஒரு தையல், தோள் பக்கம் இரண்டு தையல். அப்புறம் நான்கு நிறத்தில் மை: மேலே நீலம், கீழே கறுப்பு, தோள் பக்கம் சிவப்பு, நெஞ்செலும்புப் பக்கம் பச்சை. இந்த மை தப்பினால் எல்லாம் தப்பும், எந்தப் பக்கத்தில் மிச்சம் என்பதே தெரியாமல் போகும். அதனால் மையை அறுவை அறையிலேயே நானே போட்டேன், காகிதத்தில் படம் வரைந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நோயியல் பிரிவுக்கு நடந்தே போனேன்.

நான்காம் நாள் முடிவு வந்தது. நீலம் சுத்தம், கறுப்பு சுத்தம், பச்சை சுத்தம், அடிப்பரப்பு சுத்தம். சிவப்பில், தோலுக்கு வெகு அடியில், கொழுப்பின் தடுப்புச் சுவரை ஒட்டி, சி.டி.34 ஏறிய ஒரு மெல்லிய இழை. மேலே தோல் முற்றிலும் இயல்பு. கண்ணுக்கும் விரலுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் அகப்படாத இழை அது. நான் வரைந்த இரண்டாவது கோட்டைப் பொய் என்று சொன்னது இதனால்தான். வழக்கமான துண்டுகளில் பார்த்திருந்தால் இது தென்பட்டிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

பழைய தழும்பில் இயல்பாகவே சில சி.டி.34 அணுக்கள் இருக்கும் என்பதால், அது கட்டியா தழும்பா என்று நோயியல் நிபுணர் எளிதில் முடிவு சொல்லவில்லை. தொலைவிலிருந்த நல்ல தோலின் ஒரு சிறு துண்டையும் அதே சாயத்தில் ஏற்றி, ஒப்பிட்டு, அடர்த்தியும் அணுக்களின் போக்கும் கட்டியுடையதுதான் என்ற பிறகே எழுதினார். ஆறாம் நாள் அந்தப் பக்கம் மட்டும் இன்னொரு செ.மீ. எடுத்தோம். பத்தாம் நாள் அதுவும் சுத்தம் என்று வந்தது.

அதன் பிறகே காயத்தை மூடினோம். ஓரம் சுத்தம் என்று எழுத்தில் வராமல் பக்கத்துத் தோலைச் சுழற்றி மூடிவிட்டால், மிஞ்சிய அணுக்கள் எங்கே புதைந்தன என்றே பிறகு தெரியாது. 9 க்கு 8 செ.மீ. காயம். பிளாஸ்டிக் சர்ஜன் தசைமடல் வைக்கலாம், அழகாக இருக்கும் என்றார். நான் தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து ஒட்டுவதைப் பரிந்துரைத்தேன், அடியில் ஏதாவது முளைத்தால் சீக்கிரம் தெரியும் என்பதால். இரண்டையும் படத்தோடு விளக்கினோம். அவர் தோல் ஒட்டைத் தேர்ந்தெடுத்தார். தோள் இறுகிப்போகாமல் இருக்க மூன்றாவது வாரத்திலிருந்து பயிற்சி. ஓரங்கள் சுத்தம் என்பதால் கதிர்வீச்சு கொடுக்கவில்லை. சுத்தமான ஓரம் கிடைக்காமல், மேற்கொண்டு வெட்டவும் முடியாமல் போயிருந்தால் 50 முதல் 60 கிரே (கதிர்வீச்சின் அளவு) வரை கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

குழந்தை இடப்பக்கத் தோளுக்குப் பழகிவிட்டது.

இரண்டாம் ஆண்டில் ஒரு பயம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னோம், ஐந்தாண்டு முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை. இந்தக் கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும், ஆனால் பத்தாண்டு கழித்தும் வந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பார்ப்போம். முதலில் விரல், அப்புறம்தான் கண். வீட்டில் மாதம் ஒருமுறை, குளித்து முடித்துத் தோல் ஈரமாக இருக்கும்போது, மூன்று விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம்.

பதினெட்டாம் மாதம் குறித்த தேதிக்கு முன்பே வந்தார். ஒட்டுத் தோலின் தோள் பக்க ஓரத்தில், சரியாக அந்தச் சிவப்பு மைப் பக்கத்தில், பயறு அளவில் ஒரு கெட்டி. அவரே தடவிக் கண்டுபிடித்திருந்தார். விரலை வைத்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரிடம் அதை மறைக்கவில்லை. "எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு, எடுத்துப் பார்த்துடுவோம்" என்றேன். அன்றே, கொழுப்பு வரை இறங்கி, முழுதாக எடுத்தேன்.

இந்த முறை எங்களிடம் ஒப்பிட ஒன்று இருந்தது. முதல் கட்டியின் மெழுகுப் பாளங்கள் பரணில் பத்திரமாக இருந்தன. நோயியல் நிபுணர் திசு ஒட்டிய பழைய கண்ணாடி வில்லையையும் புதியதையும் இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் மாற்றி மாற்றி வைத்தார். பழையதில் பாய்முடைச்சல், தேனடை. புதியதில் தையல் நூலின் இழை ஒன்று, அதைச் சுற்றி மொய்த்த ராட்சத அணுக்கள், கொஞ்சம் தழும்புத் திசு. சி.டி.34 ரத்தக் குழாய்களின் சுவரில் மட்டும் ஏறியிருந்தது. கரையாமல் தங்கிய நூலுக்கு உடம்பு காட்டிய எதிர்ப்பு அது.

அவரை வரச்சொல்லி அந்த இரண்டு படங்களையும் திரையில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அப்ப முதல்ல வெட்டினதும் இப்படி இருந்திருக்குமா?" என்று பழைய வில்லையைக் காட்டிக் கேட்டார். இருந்திருக்கும் என்றேன்.

இப்போது மூன்றாண்டு முடிந்திருக்கிறது. கட்டி திரும்பவில்லை, தோள் முழுதாக அசைகிறது. இரண்டாவது குழந்தை பற்றிக் கேட்டிருக்கிறார். தடை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறோம். முதல் கர்ப்பத்தில் கட்டி வேகமாக வளர்ந்ததை மனதில் வைத்து, கர்ப்பகாலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலால் பார்ப்பது என்று முடிவு. மெழுகுப் பாளங்களை அதுவரையும், அதற்குப் பிறகும், அகற்றக் கூடாது என்று அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.